அம்மாவின் புட்டிகளும் பெரியப்பாவின் காளானும்

எங்கள் தெருவில் யார் வீட்டு ஊறுகாயில் பூசணம் பிடித்தாலும் அதற்குப் பொறுப்பு என் அம்மாதான். எலுமிச்சை ஊறுகாயின் மேல் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்துவிட்டால் போதும், ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு யாராவது ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நிற்பாள். சண்டைக்கு அல்ல, விசாரிக்கத்தான். "டீச்சரம்மா, ஒங்க புட்டி எதையும் தொறந்து வச்சீங்களா?" என்று கேட்பாள். அம்மா ஜாடிக்குள் எட்டிப் பார்ப்பாள். உப்பு போதவில்லை, ஈரக் கரண்டி போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறப்பாள். அதற்குள் அவளால் அடக்க முடியாத ஓர் ஆசை வந்துவிடும். "இதுல கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிடுவாள். அதற்குப் பிறகு அவள் பேச்சை யார் நம்புவார்கள்?

அம்மா கீரனூரைத் தாண்டித் திருச்சி ரோட்டில் இருந்த ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தாள். அந்த வேலையோடு டாக்டர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தாள். வயலிலும் வாய்க்காலிலும் கண்மாயிலும் முளைக்கிற காளான்களும் பூஞ்சைகளும்தான் அவள் ஆராய்ச்சி. அப்பா குவைத்தில் இருந்தார். வீட்டில் அம்மா, நான், தம்பி. நான் நாலாம் வகுப்பு, அவன் ஒன்றாம் வகுப்பு. பக்கத்து வீடு பெரியப்பா வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு முருங்கை மரமும் துணி காயப்போடும் கொடியும்தான். அம்மாவுக்கு வேலை இருக்கும் நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் பெரியம்மாவின் பொறுப்பு. அவர்களுடைய பிள்ளைகள் படித்துக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதால், எங்களைத் திட்டுவதற்கும் ஊட்டுவதற்கும் அவளுக்கு நிறைய நேரம் இருந்தது.

குவைத்திலிருந்து திரும்பி வந்து மளிகைக்கடை வைக்கலாம் என்று அப்பா தெருவைப் பார்த்து ஓர் அறை கட்டிவைத்திருந்தார். சாமான் அடுக்கச் சுவர் முழுக்கப் பலகைகளும் அடித்திருந்தார். அந்தப் பலகைகளில் து​வரம்பருப்பும் சோப்புக்கட்டியும் வருவதற்கு முன்னால் அம்மாவின் காளான்கள் ஏறிக்கொண்டன. ஹார்லிக்ஸ் பாட்டில், ஜாம் பாட்டில், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பழைய டானிக் பாட்டில் என்று எல்லாவற்றிலும் ஸ்பிரிட்டை ஊற்றி, ஆளுக்கொரு காளானை மிதக்கவிட்டிருந்தாள். வயலில் பிடுங்கும்போது மஞ்சளும் செம்மண் நிறமுமாக இருக்கிறவை, புட்டிக்குள் போன கொஞ்ச நாளில் ஒன்றுபோல வெளுத்துவிடும். மரக்கட்டையில் காது காதாக ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான ரகங்களுக்குப் புட்டி தேவையில்லை. அட்டைப்பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அதன் சூட்டில் காயவைத்து, செய்தித்தாளில் மடித்து, பாச்சை உருண்டை போட்டு வைப்பாள்.

இவையாவது கண்ணுக்குத் தெரியும். தண்ணீர்ப் பூஞ்சைதான் எனக்குப் பெரிய அவமானம். மடையில் தண்ணீர் விழுகிற இடத்தில் கட்டிக்கொண்டு நிற்கும் அழுக்கு நுரையைக் கரண்டியால் அள்ளுவாள். வாய்க்காலில் ஊறி அழுகிய இலைகளைப் பொறுக்குவாள். சாணியைக் குச்சியால் கிளறிப் பார்ப்பாள். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்த்துக்கொண்டு போகும். என் வகுப்புப் பெண் ஒருத்தி, "ஒங்கம்மா டீச்சர்னு சொன்ன, சாணி அள்ளுறாங்க?" என்று கேட்டாள். நுரைக்குள் பூஞ்சை விதை இருக்கிறது, நட்சத்திரம் மாதிரி நாலு கையோடு இருக்கும், மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்ததை அப்படியே சொன்னேன். அவள் என்னைவிட்டு ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த அறைக்குள் நாங்கள் போகலாம், பார்க்கலாம். மேல் பலகையில் மூலையில் இருந்த ஒரே ஒரு பாட்டிலைத் தவிர எதையும் அம்மா கையில் எடுத்துக் காட்டுவாள். அந்தப் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. உள்ளே இருந்தது, அத்தனையிலும் அழகான காளான். கோழிமுட்டையை ஒரு சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி வைத்ததுபோல, மாசு மறு இல்லாத வெள்ளை. குளத்தூர் போகிற வழியில் தைலமரக் காட்டு ஓரத்தில் எடுத்தது. "இத மட்டும் நீங்க எங்க பாத்தாலும் தொடக்கூடாது. தின்னா ஆளு பொழைக்கிறது கஷ்டம்" என்று அம்மா சொல்லியிருந்தாள். பிள்ளைகளிடம் எதையும் சுற்றி வளைத்துச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பெரியப்பா அந்த அறைக்குள் வரவே மாட்டார். வாசலில் நின்று, "அரிசி பருப்பு இருக்க வேண்டிய எடத்துல என்னென்னத்த வச்சிருக்கா பாரு" என்று பொதுவாகத் தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அம்மாவின் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. ஊரில் யாராவது அவளைப் பற்றி ஏதாவது சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார். தான் சொல்லலாம், மற்றவர்கள் சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம்.

அது ஐப்பசி மாதம். வாரம் முழுக்க மழை பெய்து ஞாயிற்றுக்கிழமை வெளுத்திருந்தது. குளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கண்மாய் நிறைந்து கலிங்கில் தண்ணீர் வழிகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தண்ணீர் வழிந்தால் நுரை தள்ளும். நுரை தள்ளினால் அம்மாவை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. காலையிலேயே பையில் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு, எங்களைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிப்போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வயலிலிருந்து வந்தார். தோளில் கிடக்க வேண்டிய துண்டு கையில் மூட்டையாக இருந்தது. அதை அவிழ்த்ததும் எனக்கும் தம்பிக்கும் வாய் பிளந்துவிட்டது. உள்ளங்கையைவிடப் பெரிய காளான்கள். வெள்ளைக் குடையின் மேல் தவிட்டு நிறத்தில் செதில் செதிலாகப் புள்ளிகள். கூடவே விரியாத மொட்டுகளும் கொஞ்சம் கிடந்தன.

பெரியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது புத்துக் காளான் மாதிரி இல்லையேங்க. வேற மாதிரில்ல இருக்கு."

"புத்துல மொளச்சாத்தான் புத்துக் காளான். இது நம்ம வைக்கப்போருக்குப் பின்னாடி மொளச்சது. நம்ம வயல்ல மொளச்சது நம்மளக் கொன்னுருமா?"

"எதுக்கும் சின்னவ வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்."

"அவ வந்தா இதப் புட்டியில போட்ருவா. அவ வாரதுக்குள்ள நாம சட்டியில போட்ருவோம்" என்றார் பெரியப்பா.

தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்து அவர் சிரித்தபோது தம்பியும் கூடச் சிரித்தான். பெரியம்மா சட்டியை எடுத்துவிட்டாள்.

சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்து ஊற்றிய குழம்பின் வாசனை முருங்கை மரத்தைத் தாண்டி எங்கள் வீடு வரை வந்தது. தம்பி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். கொழகொழவென்று குழம்பில் மிதந்தது எனக்கு அம்மாவின் பாட்டிலில் மிதப்பதையே ஞாபகப்படுத்தியது. மோர்ச்சோறு போதும் என்று எழுந்துவிட்டேன். பெரியம்மா என்ன சொல்லியும் கேட்கவில்லை.

பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. தான் தேடிக் கொண்டுவந்ததை வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருப்பதா? எல்லோரும் சாப்பிட்டுச் சட்டியைக் கழுவி வைத்த பிறகு, அவரே அடுப்பங்கரைக்குப் போய்த் தோசைக்கல்லைப் போட்டார். ஒதுக்கி வைத்திருந்த மொட்டுகளை முழுசு முழுசாக வைத்து, நெய் விட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவி, முறுகலாக வாட்டி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். "இப்பச் சொல்லு பாப்பா, இது ஒங்கம்மா புட்டியில உள்ள மாதிரியா இருக்கு?" என்றார். இல்லை. அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன் எதையும் தின்றதில்லை. கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினேன். தம்பிக்கு ஒன்று கொடு என்று பெரியம்மா சொன்னதற்கும் கொடுக்கவில்லை.

முதலில் சுருண்டவன் தம்பிதான். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவன் எடுத்த வாந்தியைக் கழுவ வாளியோடு வந்த பெரியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா மட்டும் "எனக்கு ஒன்னுமில்ல, எனக்கு ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் வேகமாகப் போனார்.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்து சேர்ந்தாள். புடவை முழங்கால் வரை சேறு, பையில் நுரைத் தண்ணீர்ப் பாட்டில்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். இரவுச் சமையலுக்கென்று பெரியம்மா முறத்தில் எடுத்துவைத்திருந்த நாலைந்து காளான்கள் அங்கே இருந்தன. ஒன்றை எடுத்துக் குடையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். விசிறி மடிப்பு மாதிரி இருந்த அந்த அடிப்பக்கம் லேசான பச்சையாக இருந்தது. அம்மா நீளமாக மூச்சு விட்டாள்.

"அக்கா, பயப்படாதீங்க. இது எனக்குத் தெரிஞ்ச சாதிதான். வாந்தியும் பேதியும் ஆளப் பெரட்டி எடுத்துரும், உசுருக்கு ஒன்னும் பண்ணாது. ஆனா தண்ணி ஏத்தணும். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றாள். அங்கேயே நின்று ஆம்புலன்சுக்கும் போன் பண்ணிவிட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "நீ எவ்வளவு சாப்புட்ட?"

"நான் கொழம்பு சாப்புடவே இல்ல" என்றேன் பெருமையாக. "எனக்கு மட்டும் பெரியப்பா தனியா மொட்டுக் காளான் வாட்டிக் குடுத்தாங்க. எல்லாத்தையும் நானே தின்னுட்டேன்."

அம்மாவின் கண் தோசைக்கல்லுக்குப் போனது. கல் காலியாக இருந்தது. கிண்ணமும் காலியாக இருந்தது. தம்பியை இறக்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள்.

"அத்தான், பாப்பாவுக்குக் குடுத்த மொட்டு எங்க எடுத்தீங்க?"

பெரியப்பா கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வைக்கப்போர்கிட்டத்தாம்மா… ரெண்டு மூணு அங்கிட்டும் எடுத்தேன்."

"அங்கிட்டுன்னா?"

"தூறலுக்குத் தைலமரத்துக்கிட்ட ஒதுங்குனேன். வாய்க்கா ஓரத்துல கெடந்துச்சு. அதையும் சேத்துப் பிடுங்கிப் போட்டேன்."

அம்மா எங்கள் வீட்டுக்கு ஓடி, சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நல்லாப் பாருங்க. இதுவா?"

பெரியப்பா அந்த அறையிலிருந்த எதையும் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே கிடையாது. கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். "மொட்டுன்னா எல்லாம் வெள்ளையாத்தானம்மா இருக்கு" என்றார். அவருக்கும் ஏதோ புரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அம்மா திருச்சியில் இருந்த தன் பேராசிரியருக்குப் போன் பண்ணினாள். வாசலுக்கும் முருங்கை மரத்துக்கும் நடந்துகொண்டே பேசினாள். "சரிங்க சார்… இல்ல சார், அவளுக்கு இன்னும் ஒன்னுமே இல்ல… ஆமா சார், அதான்" என்று அவள் சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது. எனக்கு ஒன்றுமே இல்லை என்பது நல்ல சேதி என்றுதான் நான் நினைத்தேன். அந்தப் பக்கத்தில் பேராசிரியர் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும். வைக்கோல்போர்க் காளான் என்றால் சில மணி நேரத்தில் வாந்தி வந்துவிடும், வந்தால் பயமில்லை. தைலமரக் காட்டு வெள்ளைக் காளான் அப்படியல்ல. அது உடனே எதையும் காட்டிக்கொள்ளாது. அன்று பூராவும் பிள்ளை ஓடியாடி விளையாடும். அதற்குள் ஈரல் கெட ஆரம்பித்துவிடும். ஆகவே, நான் நன்றாக இருக்க இருக்க அம்மாவுக்குப் பயம் கூடிக்கொண்டே போயிற்று.

நானோ வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. ஆம்புலன்சில் முதன்முதலாக ஏறுகிறேன். தம்பி அம்மாவின் மடியில் துவண்டு கிடந்தான். பெரியம்மாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பேசினை மடியில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, சைரன் சத்தத்துக்கு ரோட்டில் யார் யார் ஒதுங்குகிறார்கள் என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். "எனக்கு மட்டும் ஒன்னும் ஆகல பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். யாரும் மெச்சவில்லை. அம்மா மட்டும் சிரித்துத் தலையாட்டினாள்.

கீரனூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். எல்லோரையும் கட்டில்களில் படுக்கப்போட்டுத் தண்ணீர் ஏற்றச் சொன்னார். அம்மா பையிலிருந்து சிவப்பு நூல் பாட்டிலை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள். டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். "இதையா சாப்பிட்டாங்க?"

"இது இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் சார் கொண்டாந்தேன்" என்றாள் அம்மா.

அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, டாக்டர் என்னை அருகே கூப்பிட்டு நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "குழந்தை நல்லாத்தானே இருக்கு."

"அதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

டாக்டர் உடனே சீட்டில் ஏதோ எழுதினார். ரத்தம் எடுத்தார்கள். குழாய் விட்டு வயிற்றைக் கழுவிவிடலாம் என்று நர்ஸிடம் சொன்னார். திருச்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், வண்டிக்குச் சொல்லி வையுங்கள் என்றும் சொன்னார். திருச்சி என்ற சொல் மட்டும் என் காதில் இனிப்பாக விழுந்தது.

குழாயும் மற்றதும் தயாராகும் வரை அம்மா என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டாள். "வயித்தப் பெரட்டுதா தங்கம்?" என்று கேட்டாள். "இல்லம்மா." "தலைய சுத்துதா?" "இல்லம்மா." நான் 'இல்லை' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நம்பி, அடுத்த தடவை இன்னும் பலமாகச் சொன்னேன். எழுந்து நின்று ஒற்றைக்காலில் குதித்துக்கூடக் காட்டினேன். அவள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, விரலாலேயே கோதிச் சீவி, மறுபடி பின்ன ஆரம்பித்தாள். பின்னி முடித்ததும் அதையும் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னினாள். எப்போதும் தொடவே விடாத தன் செல்போனை என் கையில் கொடுத்து, "வெளையாடு" என்றாள். என்ன அதிர்ஷ்டமான நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டுக்குள்ளிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "பாப்பா எடுத்துருச்சா?"

"இன்னும் இல்லங்க" என்று பெரியம்மா சொல்வதும், அவள் மறுபடி பேசினைத் தேடுவதும் கேட்டது. தானே எழுந்திருக்க முடியாமல் கிடந்த அந்த மனிதர் இரண்டு வாந்திக்கு நடுவில் என் வாந்தியை விசாரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வார்டு முழுக்கச் சங்கதி பரவிவிட்டது. கையில் கட்டுப்போட்டிருந்த ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "உப்புத் தண்ணி குடுத்துப் பாருங்கம்மா" என்றார். நர்ஸ் அவரை அதட்டி அனுப்பினாள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து, "வருதா பாப்பா?" என்று ஆசையாகக் கேட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் வாந்தி எடுக்கிறார்கள் என்றால் நானும் எடுத்தே ஆகவேண்டுமா?

செல்போன் விளையாட்டில் என் பாம்பு நன்றாக வளர்ந்திருந்த நேரம். வராந்தாவைத் துடைத்துக்கொண்டு வந்த ஆயா பினாயில் வாளியை எங்கள் பக்கத்தில் வைத்தார். அந்த நெடியா, வேறெதுவுமா தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ முறுக்கிக்கொண்டு மேலே வந்தது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. "அம்மா…" என்றேன்.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாந்தி எடுத்துத் திட்டு வாங்குகிற பிள்ளை நான். 'முன்னாடியே சொல்லித் தொலைய மாட்டியா' என்பதுதான் அந்த நேரத்தில் அம்மா வழக்கமாகச் சொல்வது. அன்று அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். கை கொள்ளாமல் அவள் மடியிலும் தரையிலும் போயிற்று. "எடுத்துட்டா! எடுத்துட்டா!" என்று கத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு முகம். என் நெற்றியில், வாயில், எங்கே என்று பார்க்காமல் முத்தம் கொடுத்தாள். அந்த வாயோடு!

சத்தம் கேட்டுப் பெரியப்பா சலைன் பாட்டில் தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டே வாசல் வரை வந்துவிட்டார். "எடுத்துருச்சா? பாப்பா எடுத்துருச்சா? முருகா!" என்றபடி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

அடுத்து அம்மா செய்ததுதான் அந்த ஆஸ்பத்திரியில் பலகாலம் பேசப்பட்டிருக்கும். பையிலிருந்து காலி பாட்டில் ஒன்றையும் கரண்டியையும் எடுத்தாள். தரையில் உட்கார்ந்து என் வாந்தியிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்துப் போட்டாள். துடைக்க வந்த ஆயா, "ஐயோ, நான் தொடச்சுக்கிறேங்க" என்று பதறினார். "கொஞ்சம் இருங்க, இது எனக்கு வேணும்" என்றாள் அம்மா. குழாயடியில் அலசி, சேலைத் தலைப்பில் தொங்கவிட்டிருந்த பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் அவசரத்தில் சரியாக மென்று தின்னாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. சில மொட்டுகள் பாதி பாதியாக அப்படியே இருந்தன. அவற்றின் தலையில் தவிட்டு நிறச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை மொட்டு ஒன்றுகூட இல்லை. அடியில் கிண்ணம் மாதிரி எதுவும் இல்லை.

டாக்டரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். சிவப்பு நூல் பாட்டிலையும் பார்த்தார்.

"இதுவும் அதே வைக்கப்போர் சாதிதான் சார்" என்றாள் அம்மா. "மொட்டு எதையும் கொழம்புல போடல. தைலமரத்துக்கிட்ட எடுத்தேன்னு சொன்னது இவ வயித்துலயும் இல்ல. நடந்து வரையில துண்டுலேருந்து விழுந்திருக்கும். இல்ல, அதுவும் இதே சாதியா இருந்திருக்கும்."

"இருந்தாலும் ரத்தத்தை நாளைக்கும் ஒரு தடவை பார்த்துடுவோம்" என்று டாக்டர் சொன்னார். ஆனால் திருச்சி வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது எனக்கு வருத்தமாக இருந்தது. வருத்தப்பட அதிக நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு குடலே வெளியே வந்துவிடும்போல எடுத்தேன். நான் சாகக் கிடப்பதாக எனக்குத் தோன்றிய அந்த நேரத்தில் என் குடும்பமே சிரித்துக்கொண்டிருந்தது. தம்பி ஒரு கண்ணைத் திறந்து, "அக்காவும் எடுத்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தூங்கிப்போனான். பெரியப்பா தன் கட்டிலில் படுத்துக்கொண்டு, தேங்காய் உடைக்கிறேன் என்று எந்தெந்தக் கோயிலுக்கோ வேண்டிக்கொண்டார். நான் இப்படித் துடிக்கும்போது சிரிக்கிறார்களே என்று அன்று எனக்கு அவர்கள் மேல் வந்த கோபம் சாதாரணமானதல்ல.

மறுநாள் காலையில் அவர்கள் மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று என்னை மட்டும் அன்றைக்கும் நிறுத்திவைத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். முறத்தில் மிச்சமிருந்த அந்த வைக்கோல்போர்க் காளான்களில் நல்லதாக ஒன்றை எடுத்து, பிற்பாடு அம்மா புட்டியில் போட்டாள். ஒட்டுகிற சீட்டில் இடம், மாதம் எல்லாம் எழுதி, 'சேகரித்தவர்' என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயரை எழுதினாள். போலீஸ் ஸ்டேஷனில் திருடனின் படத்தை மாட்டுவதுபோல அவரை அவமானப்படுத்தத்தான் அப்படிச் செய்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். பெரியப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அறைக்குள் வராத மனிதர், அதன்பிறகு வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், "இது நான் குடுத்தது. பேரு போட்டுருக்கு பாருங்க" என்று காட்ட ஆரம்பித்தார். எப்படிக் கிடைத்தது என்ற கதையை மட்டும் சொல்ல மாட்டார். டாக்டர் பட்டம் வாங்கியபோது அந்தப் புட்டி அம்மாவோடு கல்லூரிக்குப் போனது. அதுவரை அதற்குத் தூசி துடைத்தவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நானும் அம்மாவும் டவுன் பஸ்ஸில் திரும்பினோம். மறுபடி லேசாகத் தூறி விட்டிருந்தது. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. எப்போதும் எனக்குத்தான் ஜன்னலோரம். அன்று அம்மா கேட்காமலேயே அங்கே உட்கார்ந்துகொண்டு, என்னைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். சண்டை போடுகிற தெம்பு எனக்கும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும், ரொம்ப நேரமாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "நான் மட்டும் ஏம்மா கடைசியில வாந்தி எடுத்தேன்?"

"நீ எதுலதான் சீக்கிரம் வந்திருக்க? பள்ளிக்கூடத்துக்கே நீ தெனம் லேட்டுதானே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். திரும்பவும் கேட்டார். அவள் திரும்பாமலே கைப்பையை என்னிடம் தள்ளினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது. அந்த ரோட்டில் பஸ் எப்போதும் அப்படித்தான் குலுக்கும்.

மழை விட்டிருக்கிறதே, வரப்போரத்தில் எங்கே என்ன முளைத்திருக்கிறது என்று தேடிக்கொண்டு வருகிறாள் என்றே நினைத்தேன். அவளுக்கு உதவலாம் என்று நானும் அவள் மேல் சாய்ந்தபடியே எட்டிப் பார்த்தேன். "அந்தா ஒன்னும்மா… அந்தா, பனைமரத்துக்கிட்ட, பெரிசா" என்று ஊர் வரும் வரை விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஒன்றையும் பார்த்ததாகத் தெரியவில்லை.